பத்தியத்துக்கு வந்த சுறா

பிள்ளை பெற்றவளை எங்கள் பக்கம் ஓர் அறைக்குள் உட்கார வைத்து, காதில் பஞ்சை அடைத்து, தலையைச் சுற்றித் துணியைக் கட்டி, ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். காற்றுப் பட்டால் சன்னி வந்துவிடுமாம். நான் நாமக்கல்லில் முட்டையையும் கோழித் தீவனத்தையும் சோதிக்கிற லேப் ஒன்றில் வேலை பார்த்தவள். காற்றினால் சன்னி வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? குமாரபாளையத்தில் அப்பா வீட்டு நடு அறையில் பஞ்சும் துணியுமாகத்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். பஞ்சையும் மீறிப் பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. என் மகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றால் விழித்துக்கொண்டு வீறிடுவாள்.

பால் சரியாக இறங்கவில்லை. மகள் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். பார்க்க வருகிற பெண்கள் வாசற்படியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள், "பால் பத்துதுங்களா?" என்று. பிள்ளை யாரைப் போல இருக்கிறாள் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். பத்தவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பத்துகிறது என்று சொன்னால், உள்ளே அவள் அழுகிற சத்தம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மா நான் கல்லூரி முடிப்பதற்குள்ளேயே போய்விட்டாள். ஆனாலும் முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்ற முறையை அப்பா விடவில்லை. மாமியார் தானே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னதற்கு, "எம்புள்ளைக்கு நான் ஆக்கிப் போட மாட்டனுங்களா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் வடக்கே எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். ஆக, பத்தியச் சமையல் அப்பாவின் கைக்கு வந்தது. காலமெல்லாம் லாரி ஓட்டி, ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்த கை. அந்தக் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது.

பால் ஊற வேண்டுமென்றால் பால்சுறா. இது எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கேள்வி கேட்காமல் நடப்பது. கருவாடாகவாவது சந்தையில் வாங்கிக் குழம்பு வைத்துவிடுவார்கள். அப்பாவுக்குக் கருவாடு போதவில்லை. அவர் லாரியில் நாமக்கல் முட்டையை நாகப்பட்டினத்துக்கு ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது கோழித் தீவனத்துக்கான உலர் மீனை ஏற்றிக்கொண்டு வந்தவர். அங்கே மீன் ஏலம் எடுக்கிற சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்லி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுச் சுறாவை வரவழைத்தார். முட்டை இறக்கிவிட்டு வருகிற லாரி அதைக் கொண்டுவரும். அப்பா முதல் பஸ் பிடித்து பரமத்தி வேலூர் போய், பைபாஸில் காத்திருந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவார். ஐஸ் உருகி வேட்டி நனைந்திருக்கும்.

"எதுக்குங்கப்பா இத்தனை அலைச்சல்? நம்ம காவேரியிலயே மீனு கெடைக்குமுங்களே" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அதுல சாயத் தண்ணி கலக்குது சாமி. எந்த நாளு எந்தக் கலர்ல போவுதுன்னு யாருக்குத் தெரியும்? பச்சப் புள்ளக்காரி, அதத் தின்னுட்டு... கடல் மீனு சுத்தம். அத்தனை பெரிய தண்ணியில எந்த அழுக்கு நிக்கும்?"

நானும் தலையை ஆட்டினேன். சாயப் பட்டறைகளைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் கழுவிவிட்ட தரை மாதிரிதான் தோன்றும். இந்தக் காவிரியும் அங்கேதான் போய்ச் சேருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம், பரீட்சையில் எழுதியும் இருக்கிறோம். அது மீன் வாங்கும்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

அப்பா சுறாத் துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரத் தோலை உரித்து, பிழிந்து உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகுமாகப் புட்டு செய்வார். முள்ளே கிடையாது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு தட்டில் வைத்துக்கொண்டு வந்து, கதவு நிலையில் சாய்ந்து நிற்பார். தட்டு காலியாகும்வரை நகர மாட்டார்.

"பெரிய சுறாவாப் பாத்து அனுப்பச் சொல்லியிருக்கறன் சாமி. குட்டியா இருந்தா எனக்கு வேண்டாம், ஆளொசரம் இருக்கணும்னு சொல்லிப்போட்டன்" என்பார் பெருமையாக.

சத்தியமாகச் சொல்கிறேன், பால் வந்தது. சுறாவினால் வந்ததா, பூண்டினால் வந்ததா, நாள் ஆக ஆகத் தானாகவே வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் வந்தது. மகள் குடித்து முடித்துக் கடைவாயில் பால் வழியத் தூங்கியபோது நான் அழுதேன். அப்பா பெட்டி பெட்டியாகச் சுறாவுக்குச் சொன்னார். வந்தவர்கள் எல்லாரிடமும் நான் தலை நிமிர்ந்து, "பத்துதுங்க" என்றேன்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் லேப்பிலிருந்து என் தோழி போன் செய்தாள். என் பக்கத்து மேஜைக்காரி. அங்கே புதுசாக ஒன்றும் இல்லை, வேலை முதுகை ஒடிக்கிறது என்று ஆரம்பித்து, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"மீன் தூள் ஒரு லோடு வந்துதுடி. பாதரசம் எக்கச்சக்கம். கோழிக்குப் போடக் கூடாதுன்னு எழுதித் திருப்பிட்டோம். பெரிய மீனோட கழிவு எதையோ அரைச்சிருப்பானுங்களாட்ட இருக்குது."

என் கையில் அப்போது தட்டு இருந்தது. வாயில் புட்டு இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை. கதவு நிலையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். விழுங்கினேன்.

இதில் எனக்குத் தெரியாதது என்று ஒன்றும் இல்லை. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், அதை அதைவிடப் பெரியது தின்னும், ஒவ்வொன்றும் தின்றதில் இருந்த பாதரசம் எல்லாம் கடைசி மீனின் சதையில் சேரும். வெளியே போகாமல் வருடக்கணக்கில் தங்கும். ஆளுயரச் சுறா என்றால் எத்தனை வருடம் வாழ்ந்து எத்தனை மீனைத் தின்றிருக்கும். வேகவைத்தாலும் பிழிந்தாலும் அது போகாது. இத்தனையும் தீவனப் பையில் பழுப்புத் தூளாக வந்தபோது தெரிந்தது. அப்பா கையால் பூண்டு போட்டு வந்தபோது தெரியவில்லை. என்னை நானே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

ஒரு தோழி ஏதோ ஒரு லோடைப் பற்றிச் சொன்னதற்காக அப்பாவிடம் போய் என்ன சொல்வது? உங்கள் மீனில் விஷம் என்றா? நிச்சயமாகத் தெரியாமல் அந்த வார்த்தையை அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தின்னாமல் இருந்தால் பால் நின்றுவிடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது. தின்றால் அது பாலில் இறங்கும். தின்னாவிட்டால் பாலே இறங்காது. பிள்ளைக்காரி இருக்கிற அறைக்கு ஒரே வாசல்தான், அந்த வாசலில் தட்டோடு அப்பா நிற்கிறார். என்ன செய்வேன் நான்?

"சித்த தண்ணி கொண்டாங்கப்பா" என்று அவரை அனுப்பிவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து புட்டை வெளியே தள்ள ஆரம்பித்தேன். சந்தில் ஒரு பூனை இருந்தது. நாலைந்து நாளில் வேளை தவறாமல் வந்து காத்திருக்கப் பழகிவிட்டது. நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் அது திரும்பிப் போகும்போது கவனித்தேன், அடிவயிற்றில் காம்புகள் தொங்கின. தறிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. ஜன்னலைச் சாத்திவிட்டேன். அதற்கப்புறம் புட்டைப் பிள்ளையின் மூத்திரத் துணிக்குள் சுருட்டி வைத்துத் தொலைத்தேன்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். பின்னால் ரிக் வண்டி கம்ப்ரஸர் அலறிக்கொண்டிருந்தது.

"அதத் தின்னுதான பால் வந்துது? நிறுத்திப்போட்டு அப்புறம் புள்ள பசியில கத்துனா என்ன பண்ணுவ?" என்றார். என்ன பண்ணுவேன் என்று தெரிந்திருந்தால் உங்களிடம் எதற்குக் கேட்கிறேன் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோழி, பிள்ளையைப் பார்க்க கவுனும் பழமுமாக வந்தாள். அப்பா காபி போடப் போனபோது அவள் காதில் விஷயத்தைச் சொன்னேன். பச்சைச் சுறாவில் ஒரு துண்டு கொடுக்கிறேன், லேப்பில் போட்டுப் பார் என்றேன். அவள் முகம் மாறியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "புள்ள பாக்க வந்தவளுக்கு மீனக் குடுத்து அனுப்பறவ உலகத்துலயே நீதான்டி" என்றாள். காபியோடு உள்ளே வந்த அப்பா காதில் அதுமட்டும் விழுந்தது.

"அதுக்கென்ன கண்ணு, கொண்டு போ. ஊட்ல பெட்டி நெறையாக் கெடக்குது" என்றார். பிரிட்ஜைத் திறந்து, துண்டு துண்டாக எடுத்துப் பார்த்து, நடுத்துண்டாக, சதைப்பற்றுள்ளதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கழுவி, ஐஸ் வைத்து, பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "இன்னொரு துண்டும் வெக்கட்டா?" என்று கேட்டார். தோழி வேண்டாம் என்று என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையைப் பார்த்தேன்.

லேப் முடிவு வருவதற்கு ஆன நாட்களில் நான் பேசிய பேச்செல்லாம் பொய். பசிக்கவில்லை, வயிறு சரியில்லை, பின்னால் சாப்பிடுகிறேன். அப்பா முகம் வாடிவிடும். ஒருநாள் அவரே உருட்டி ஊட்டிவிட வந்துவிட்டார். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். மகள் மடியில் குடித்துக்கொண்டிருந்தாள். மேலே நான் மெல்ல, கீழே அவள் உறிஞ்ச, நடுவில் நான் ஒரு குழாய்தான்.

தோழி போன் செய்தாள். சுற்றி வளைக்கவில்லை. "கோழிக்குன்னு வந்திருந்தாத் திருப்பித்தான் அனுப்பியிருப்போம். மனுசருக்குன்னாலும் வரம்பத் தாண்டித்தான் இருக்குது. நிறுத்திரு" என்றாள்.

பிள்ளையைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, பாலை நிறுத்தக் கூடாது, மீனை நிறுத்து என்றார். வேண்டுமானால் மத்தி, நெத்திலி போலச் சின்ன மீனாகச் சாப்பிடலாமாம். இரத்தத்தில் ஏறியது இறங்கச் சில மாதங்கள் ஆகும், மெதுவாக வெளியே போய்விடும் என்றார்.

"எது வழியாங்க போகும்?" என்று கேட்டேன்.

"பல வழி இருக்குதும்மா. முடியில போகும். கொஞ்சம் பால்லயும் போகும். அதுக்காகப் பாலை நிறுத்திராதீங்க. பாலால வர்ற நன்மைதான் பெருசு."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என் உடம்பு சுத்தமாவதற்கு என் பிள்ளையின் வாயும் ஒரு வழி என்று கேட்டுவிட்டு வந்தவளுக்கு நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பஸ்ஸில் அவள் பசித்து அழுதாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கொடுத்தேன். கொடுக்காமல் எங்கே போவேன்?

அன்று சாயங்காலம் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னேன். பாதரசம் என்றால் அவருக்குத் தெரியவில்லை. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சிக்குள் இருக்குமே அது என்றதும் தெரிந்துவிட்டது. அது எப்படி மீனுக்குள் போகும் என்று கேட்டார். நிலக்கரி எரிக்கிற புகையில் கொஞ்சம், ஆலைக் கழிவில் கொஞ்சம், மண்ணிலிருந்து கொஞ்சம், எல்லாம் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது என்றேன். பெரிய மீனில் அதிகம் சேரும் என்றேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அப்பா பிரிட்ஜ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பெருசாப் பாத்து அனுப்பச் சொன்னது நாந்தான சாமி" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுங்களேப்பா."

"உங்கம்மாளுக்கு நான் வாங்கியாந்தது கையளவுக் குட்டி. அப்ப அதுதான் முடிஞ்சுது. உனக்காச்சும் பெருசா வாங்கோணும்னு நெனச்சன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. எழுந்து போய் பிரிட்ஜில் இருந்ததையெல்லாம் எடுத்து, பூனை தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தார். சிநேகிதருக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னார். விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அவனூட்ல மூணு வேளையும் அதுதான் சாமி. கடலோரத்துல இருந்துக்கிட்டு வேற என்னத்தத் தின்பான்? சொல்லிப்போட்டு நான் நிம்மதியா இருந்துக்குவன். அவன்?"

சொல்லத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எப்படி என்றுதான் எனக்கும் தெரியவில்லை.

சுறா நின்றது. பால் நிற்கவில்லை. கொஞ்சம் குறைந்தது போல இருந்த நாட்களில் அப்பா முருங்கைக் கீரையும் பூண்டுமாக ஆக்கிப் போட்டார். ஆனால் தட்டை வைத்துவிட்டு உடனே போய்விடுவார். கதவு நிலையில் அவர் நிற்பது எனக்குத் தொல்லையாக இருந்தது போய், நிற்காதது பொறுக்க முடியாததாகிவிட்டது. மூன்றாம் மாதத்துக்குமேல் பிள்ளை பெற்றவர்களுக்கு முடி கொட்டும். எனக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பார்த்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். நான் சீப்பில் வந்த சுருளைப் பார்த்து, போ, எல்லாம் போ என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்கு மொட்டை போடக் குலதெய்வக் கோவிலுக்குப் போனோம். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் காவிரிக் கரை. வீட்டுக்காரரும் லீவு போட்டு வந்திருந்தார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லாததால் தாய்மாமன் மடிக்குப் பதில் அப்பா மடியில்தான் உட்கார வைத்தோம். கத்தி பட்டதும் அவள் கத்திய கத்தலில் ஆற்றில் குளித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முடியை மஞ்சள் துணியில் ஏந்தி ஆற்றில் விடுவது வழக்கம். அப்பா துணியை மடித்தவர், அதிலிருந்து ஒரு கற்றையை நுனி கலையாமல் எடுத்து, வெற்றிலையில் சுருட்டி என்னிடம் நீட்டினார்.

"முடியிலயும் போகும்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னியே. லேப்புக்குக் கொண்டு போ."

"வேண்டாங்கப்பா. தெரிஞ்சு என்ன பண்றது?"

"உனக்கு வேண்டாம்னா போவுது. நான் என்னத்த ஆக்கிப் போட்டன்னு எனக்குத் தெரியோணும்."

இத்தனை மாதம் அந்த அறைக்குள் நான் மட்டும்தான் அடைபட்டுக் கிடந்தேன் என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு வாங்கிக்கொண்டேன்.

தோழி கற்றையை இரண்டாக நறுக்கி, நுனியைத் தனியாகவும் அடியைத் தனியாகவும் பார்த்தாள். நுனி முன்பு வளர்ந்தது, அடி பிற்பாடு வளர்ந்தது. நுனியில் நிறைய இருந்தது. அடியில் குறைந்திருந்தது. இல்லாமல் போய்விடவில்லை. இதனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, நடக்கட்டும், பேசட்டும், பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அவள் பொம்மையைத் தவறவிட்டால்கூட, கை நடுங்கியதோ என்று பார்க்கிறேன்.

அப்பாவிடம் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். நுனியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அடியில கொறஞ்சிருக்குதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். இரண்டாவது மொட்டை போடுவதாகவும் அன்றே சாமிக்கு வேண்டிக்கொண்டார்.

இப்போது மகளுக்கு முடி முளைத்துவிட்டது. நேற்றுப் பக்கத்துத் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், முந்தானைக்கு வெளியே அவள் தலை மட்டும் தெரிந்தது. அப்பா ரொம்ப நாள் கழித்துக் கதவு நிலையில் வந்து நின்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தலையை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்.

"இது புது முடிதான சாமி. இதுல இருக்காதுல்ல?"

அவள் குடித்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்காதுங்கப்பா" என்றேன்.